அவர்களைச் சூனியக்காரிகள் என்றது யார்?

தெற்கு பிரான்ஸில் தார்ன் ஆறும் தூர்பி ஆறும் சேருமிடத்தில் மில்லோ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்களில் பலர் பாலம் பார்க்கப் போகிறார்கள். 2004இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 343 மீட்டர் உயரம். நான் போனது ஓர் ஈயத் தகட்டைப் பார்க்க.

ஊரின் நடுவில், 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் உள்ளூர் அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய ஊர்வனவற்றின் எலும்பு, ரோமானியர் காலத்துப் பானை, அந்த ஊரின் பழைய தொழிலான தோல் கையுறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். சிறிய ஊர்களின் அருங்காட்சியகங்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும். தலைநகரத்து அருங்காட்சியகம் உலகத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும். ஊர் அருங்காட்சியகம் தன் ஊரைக் காட்டும். அதனால் அந்த ஊர் யாரைத் தன் மனிதர்களாக நினைக்கிறது, யாரை நினைக்கவில்லை என்பதும் அங்கே தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதலில் பானைகள். மில்லோவுக்குப் பக்கத்தில் லா கிரோஃபெசென்க் என்ற இடத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் பெரும் குயவர் குடியிருப்பு இருந்தது. கோல் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் அப்போது ரோமின் ஆட்சியில் இருந்தது. இங்கே செய்த பளபளப்பான சிவப்புப் பாண்டங்கள் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் போயின. பொம்பேயில், 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த ஒரு பெட்டியை 1881இல் எடுத்தார்கள். இங்கிருந்து போன கிண்ணங்கள், பிரிக்காமலே கிடந்தன. இந்தக் குயவர்கள் தொழிலைத் தொடங்கியது இத்தாலியின் அரெஸ்ஸோ பாண்டங்களைப் பார்த்து. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்து, இந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கு தந்ததாகக் கொண்டாடப்படும் ஓடுகளும் அந்த அரெஸ்ஸோ வகைதான். ஆகவே புதுச்சேரிக்காரர்களுக்கு மில்லோ பானைகள் ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு.

லா கிரோஃபெசென்க்கில் பானையைவிட ஆய்வாளர்கள் கொண்டாடுவது அங்கே கிடைத்த கணக்குகளை. சூளையில் அடுக்கும்போது யாருடைய பாண்டம், என்ன வகை, எத்தனை என்று தட்டுகளின் மேல் கீறி வைத்திருக்கிறார்கள். பல குயவர்கள் சேர்ந்து ஒரே சூளையைப் பயன்படுத்தியதால் கணக்கு தேவைப்பட்டது. ஒரு சூளைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் பாண்டங்கள் வரை போயிருக்கின்றன. கணக்கு எழுதிய மொழி லத்தீனும் கோலியமும் கலந்தது. அழிந்துபோன கோலிய மொழியில் ஒன்றாவது, இரண்டாவது என்று பத்தாவது வரை எப்படிச் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிவதே இந்தத் தட்டுகளால்தான். அவற்றில் உள்ள குயவர் பெயர்கள் ஆண்களின் பெயர்கள். இவற்றுக்கு ஆய்வுலகம் தந்த சொற்கள்: கணக்கு, தொழில், உற்பத்தி, வணிகம்.

இனி அந்த ஈயத் தகடு. மில்லோவுக்குத் தெற்கே லார்சாக் பீடபூமி. அங்கே லோஸ்பிதாலே என்ற ஊரின் பழைய இடுகாட்டை 1983இல் அகழ்ந்தபோது, ஒரு கல்லறையில், எரித்த எலும்பு வைத்த தாழியின் வாயில் மூடிபோல இரண்டு ஈயத் துண்டுகள் கிடந்தன. இரண்டிலும் இருபுறமும் எழுத்து. எழுத்து லத்தீன் எழுத்து, மொழி கோலியம். காலம் ஏறக்குறைய கி.பி. 100. ஆயிரம் எழுத்துக்குமேல் உள்ள இது, கோலிய மொழியில் நமக்குக் கிடைத்த மிக நீண்ட பதிவுகளில் ஒன்று. ஒருவர் எழுதியதைச் சுரண்டிவிட்டு அதன்மேல் இன்னொருவர் எழுதிய பகுதியும் இருக்கிறது.

எழுத்து என்ன சொல்கிறது என்பதில் இன்றுவரை அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தெளிவாக இருப்பவை சில. 'பெண்களின் மந்திரம்' என்ற பொருள்படும் ஒரு தொடர் வருகிறது. செவெரா தெர்த்தியோனிக்னா என்ற பெண்ணின் பெயர் வருகிறது. பிறகு ஒரு பட்டியல். பனோனா, பவுல்லா, ஐயா, அதியேகா, பொத்திதா, செவெரா என்று போகிறது. ஒருவரோடு ஒருவர் உறவு சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஐயா, அதியேகாவின் மகள். அதியேகா, ஐயாவின் தாய். பொத்திதா, பவுல்லாவின் தாய். தாய்க்கு 'மாதிர்', மகளுக்கு 'துக்ஸ்தீர்'. மாதா, துஹிதா என்ற சமஸ்கிருதச் சொற்களின் தூரத்து உறவு இவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்குத் தெரியாத ஒரு மொழியில் அம்மாவையும் மகளையும் அடையாளம் கண்டுகொண்டேன். ஆணின் பெயரைச் சொல்லி அடையாளப்படும் பெண்ணும் பட்டியலில் உண்டு. ஆனாலும் தாயின் பெயரால் மகளும் மகளின் பெயரால் தாயும் அறியப்படும் இப்படியொரு பட்டியலை, பழங்காலக் கல்வெட்டுகள் எதைப் படித்தபோதும் நான் கண்டதில்லை.

இந்தத் தகட்டை முதன்முதலில் முழுமையாகப் படித்து வெளியிட்ட நூல் 1985இல் வந்தது. எழுதியவர்கள் ஐந்து பேர்: மிஷேல் லெஜோன், லெயோன் ஃப்ளேரியோ, பியேர்-ஈவ் லம்பேர், ரொபேர் மரிஷால், அலென் வெர்னே. ஐவரும் ஆண்கள். அவர்கள் உழைப்பு பெரிது. அது இல்லாவிட்டால் ஐயாவும் அதியேகாவும் நமக்கு இல்லை. ஆனால் நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: லார்சாக்கின் மந்திர ஈயத் தகடும் கோலியச் சூனியக்காரிகளும்.

தட்டில் கீறிய ஆண்கள் குயவர்கள் ஆனார்கள். தகட்டில் கீறப்பட்ட பெண்கள் சூனியக்காரிகள் ஆனார்கள். என் சண்டை இந்த ஒரு சொல்லோடுதான்.

'மந்திரம் என்று தகட்டிலேயே இருக்கிறதே, பிறகு வேறு எப்படிச் சொல்வது?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதில் அதே நாட்டிலேயே இருக்கிறது. 1971இல், கிளெர்மோன் ஃபெரானை ஒட்டிய ஷமலியேர் என்ற ஊரின் நீரூற்றில், ஆயிரக்கணக்கான மரக் காணிக்கைப் பொருள்களுக்கு நடுவே இன்னோர் ஈயத் தகடு கிடைத்தது. பன்னிரண்டு வரி. அதுவும் கோலிய மொழி. மப்போனோஸ் என்ற தெய்வத்தை அழைக்கிறது. அதிலும் பெயர்ப் பட்டியல் உண்டு, ஆண்களின் பெயர்கள். லார்சாக் தகட்டில் 'மந்திரம்' என்று படிக்கப்படும் சொல்லின் வேரிலிருந்து வரும் சொல் ஒன்று அதிலும் இருக்கிறது. அதை வேண்டுதல் என்கிறார்கள். சூளுரை என்கிறார்கள். சாபம் என்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆண்களுக்குச் சூனியக்காரர்கள் என்ற பட்டம் நிலைக்கவில்லை. அது 'ஷமலியேர் தகடு'. ஊர்ப்பெயர், அவ்வளவுதான். ஒரே உலோகம், ஒரே மொழி, ஒரே வேர்ச்சொல். பெயர்கள் ஆண்பாலானால் சமயம், பெண்பாலானால் சூனியம்.

இந்தப் பழக்கம் 1985இல் தொடங்கியதும் இல்லை. புனித பேட்ரிக்கின் பெயரால் வழங்கும் பழைய ஐரிஷ் பாதுகாப்பு வேண்டுதல் ஒன்றில், எவருடைய மந்திரங்களிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று மூன்று வகையினர் சொல்லப்படுகிறார்கள்: பெண்கள், கொல்லர்கள், துரூயிதர்கள். கொல்லருக்கு ஒரு தொழில் இருக்கிறது. துரூயிதருக்கு ஒரு பதவி இருக்கிறது. பெண்ணுக்குப் பெண்ணாக இருப்பதே போதுமானதாக இருக்கிறது. ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதை படித்த மாணவிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். அங்கே கொப்பரையில் மூலிகை காய்ச்சும் தாடிக்காரர் கெட்டாஃபிக்ஸ் ஊரே மதிக்கும் ஞானி. அதே கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு கிழவியை நிறுத்திப் பாருங்கள், கதையே மாறிவிடும்.

நம் மொழி மட்டும் யோக்கியமா? 'சூனியக்காரி' என்ற சொல்லைச் சொன்னதும் ஓர் உருவம் எழுகிறது: விரித்த தலை, குழிந்த கண், தனியாக வாழும் கிழவி. ஆணுக்கு நம்மிடம் 'மந்திரவாதி' இருக்கிறது. அதில் ஒரு வித்தையின் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகடு எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர் மந்திரவாதி. இன்னும் ஒரு படி ஏறினால் 'சித்தர்'. பெண்ணுக்கு அந்தப் படிகள் இல்லை.

சாபத் தகடு என்பது ரோமானிய உலகில் அபூர்வப் பொருள் அல்ல. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் மட்டும் ஏறக்குறைய 130 கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை திருட்டு பற்றியவை. குளிக்கப் போன இடத்தில் மேலாடையைத் திருடியவன் தூக்கமில்லாமல் சாகட்டும் என்று தெய்வத்திடம் புகார் எழுதிப் போட்டார்கள். ஆண்களும் எழுதினார்கள், பெண்களும் எழுதினார்கள். வழக்கு, தேர்ப் பந்தயம், காதல் எல்லாவற்றுக்கும் தகடு உண்டு. நீதிமன்றம் எட்டாதவர்களின் மனு அது. கோயில் வாசலில் காசை வெட்டிப் போட்டுவிட்டு வருகிற நம் ஊர்ப் பெண்ணை எந்த ஆய்வாளராவது சூனியக்காரி என்று தலைப்பிடுவாரா? வயிறெரிந்தவள் என்போம். லார்சாக் பெண்களுக்கு என்ன வயிறெரிச்சல், யார்மேல் வழக்கு, பட்டியலில் உள்ளவர்கள் மந்திரம் செய்தவர்களா, அல்லது மந்திரத்துக்கு இலக்கானவர்களா? இந்தக் கேள்விக்கு இன்னும் முடிவில்லை. முடிவில்லாத இடத்தில் தலைப்பு மட்டும் முடிவு சொல்லிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. தாய், மகள் என்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவை மந்திரக் கூட்டத்தின் பதவிப் பெயர்களாக இருக்கலாம் என்றார்கள். குருவும் சிஷ்யையும் போல. இருக்கலாம், மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஒரு கல்லறைக் கல்லில் ஓர் ஆண் இன்னாருடைய மகன் என்று எழுதியிருந்தால், உண்மையிலேயே மகனா என்று எத்தனை பேர் சந்தேகப்படுகிறார்கள்? தந்தை-மகன் வரிசை இயல்பு. தாய்-மகள் வரிசை கண்டால் ஏதோ ரகசியச் சங்கம்.

மில்லோ அருங்காட்சியகத்தின்மேல் எனக்குத் தனிப் புகார் எதுவும் இல்லை. என் புகார் கோலிய-ரோமானியக் காலத்தைக் காட்டும் அருங்காட்சியகங்களின் பொதுவான அடுக்குமுறை மேல். சில ஊர்களில் பார்த்துவிட்டேன். பெண்களுக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கியிருப்பார்கள். கண்ணாடி, கொண்டை ஊசி, கண்ணாடி மணி, வாசனைக் குப்பி. தலைப்பு 'அலங்காரம்'. தொழில் என்ற பெட்டியில் சுத்தியல், அரம், தராசு. அங்கே பெண் கிடையாது. வெள்ளைக் களிமண்ணில் அச்சு வைத்துச் செய்த பொம்மைகள் இன்னொரு பெட்டியில். அல்லியே பகுதிப் பட்டறைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டவை. உடையில்லாத பெண் என்றால் 'வீனஸ்'. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண் என்றால் 'தாய்த் தெய்வம்'. அழகி, அம்மா, இவை இரண்டுக்கும் அடங்காவிட்டால் சூனியக்காரி. மூன்று பெட்டிகளில் பாதி மனித இனத்தை அடைத்தாகிவிட்டது.

தக்களியை எந்தப் பெட்டியில் வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பேரரசின் பாய்மரமும் படைவீரனின் மேலாடையும் எங்கோ ஒரு பெண் நூற்ற நூலில் தொடங்கியவை. இருந்தும் தக்களி பல இடங்களில் 'வீட்டு வாழ்க்கை'யில் கிடக்கிறது. பர்கண்டியின் ஓட்டன் நகரத்தோடு தொடர்புள்ள சில தக்களி வட்டுகளில் எழுத்து உண்டு, கோலியமும் லத்தீனும் கலந்து. அவற்றை 'காதல் வாசகங்கள்' என்று புன்னகையோடு விளக்குவார்கள். ஒன்றில், அழகிய பெண்ணே பீர் கொடு என்ற பொருளில் இருக்கிறது. நாள் முழுக்க அவள் விரலில் சுழலும் கருவி, அதன்மேல் அவளுக்கு ஒரு கட்டளை. அவள் குரல் அதில் எங்கே? அதை எழுதியவனுக்கு 'குறும்புக்காரன்' என்ற செல்லப் பெயர். தன் மனத்தில் உள்ளதை ஈயத்தில் எழுத வைத்தவர்களுக்கு, சூனியக்காரிகள் என்ற பெயர்.

சான்று இல்லையே, என்ன செய்வது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பெயர் தருகிறேன்: மெத்திலியா தொனாத்தா. லியோனில் கிடைத்த கல்வெட்டு அவரை மருத்துவர் என்கிறது. தன் சொந்தப் பணத்தில் கொடை கொடுத்தவர் என்கிறது. மனைவி, மகள் என்ற அடைமொழியே இல்லை. தொழிலும் பணமும் மட்டும். ஆகவே கல் பேசத்தான் செய்கிறது. பெட்டிகளை அடுக்குகிறவர்கள்தான் அவரை விதிவிலக்கு என்ற மூலையில் வைக்கிறார்கள்.

மில்லோவில் பானைகளைப் பார்த்துவிட்டுக் கையுறைப் பகுதிக்குப் போனபோதுதான் எனக்கு இந்தக் கோபம் முழுதாக உருப்பெற்றது. மில்லோவின் கையுறை உலகப் புகழ் பெற்றது. ஆட்டுக்குட்டித் தோலைப் பதப்படுத்துவது ஆண்கள். வெட்டுவது ஆண்கள், வெட்டுபவர் கைதேர்ந்த கலைஞர் என்று மதிக்கப்பட்டார். தைப்பது பெண்கள். பலர் பட்டறைக்கு வராமல் தங்கள் வீடுகளிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து, எண்ணிக்கைக் கூலிக்குத் தைத்தார்கள். திருப்பூர்ப் பக்கம் வீட்டில் பிசிறு வெட்டிக் கொடுக்கும் பெண்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சமீப காலம் என்பதால் அந்தத் தையல்காரிகளை மறைக்க முடியவில்லை. ஒளிப்படம் இருக்கிறது, பேத்திகள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து தோண்டினால் என்ன கிடைக்கும்? வெட்டுபவரின் கத்தரிக்கோல் கிடைக்கும், முதலாளியின் முத்திரை கிடைக்கும். ஊசி துருப்பிடித்துப் போயிருக்கும். மில்லோவில் கையுறை செய்தவர்கள் ஆண்கள் என்று அவர் எழுதிவைப்பார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சூளைக் கணக்குகளுக்குத் திரும்புங்கள். முப்பதாயிரம் பாண்டம் ஏறிய சூளைக்கு மண் பிசைந்தது யார், தண்ணீர் சுமந்தது யார், காய்ந்த பாண்டத்தைக் கவிழ்த்து அடுக்கியது யார்? பெண்கள் என்று நான் சொல்லவில்லை, சான்றில்லாமல் சொல்ல மாட்டேன். கணக்கில் பெயர் இருப்பவரின் கை மட்டும்தான் அந்தப் பானையில் பட்டது என்று நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முத்திரை உரிமையைச் சொல்லும். உழைப்பு முழுவதையும் அது சொல்வதில்லை.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்களை என்ன பெயரிட்டால் என்ன, அவர்களுக்கு வலிக்கவா போகிறது என்று ஒரு சக பேராசிரியர் கேட்டார். அவர்களுக்கு வலிக்காது. ஆனால் இந்தச் சொல் இறந்தகாலத்துச் சொல் இல்லை. ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டுவரை பல்லாயிரம் பேரை, பெரும்பாலும் பெண்களை, இந்தச் சொல்லைச் சொல்லித்தான் கொன்றார்கள். நம் நாட்டில் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் அஸ்ஸாம் 2015இலும் சூனியக்காரி என்று பெண்ணை முத்திரை குத்துவதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகும் கொலை நிற்கவில்லை. நிலம் வைத்திருக்கும் விதவை, வைத்தியம் தெரிந்தவள், எதிர்த்துப் பேசியவள் இன்றும் அடித்துக் கொல்லப்படுகிறார்கள். அந்தச் சொல்லை ஒரு கவர்ச்சியான தலைப்பாக நூலில் வைப்பதும், அது சுவரிலும் நினைவுப்பொருள் கடையிலும் போய் ஒட்டிக்கொள்வதும் சின்ன விஷயமில்லை. கொல்லும் சொல்லுக்கு அது இரண்டாயிரம் ஆண்டுப் பரம்பரை தேடிக் கொடுக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. தகட்டின் பக்கத்தில் முதலில் பெயர்களை எழுதுங்கள், படிக்க முடிகிற எல்லாப் பெயர்களையும். தாய் என்றிருக்கும் இடத்தில் தாய் என்றும், மகள் என்றிருக்கும் இடத்தில் மகள் என்றும் எழுதுங்கள். பொருள் விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று எழுதுங்கள். குயவர்களுக்குத் தந்த அதே மரியாதையோடு, பெண்கள் எழுத்தைப் பயன்படுத்திய ஆவணம் இது என்று எழுதுங்கள். சூனியக்காரி என்ற சொல்லை ஆய்வு வரலாற்றின் ஒரு செய்தியாக வையுங்கள்: 1985இல் ஐந்து அறிஞர்கள் இப்படி அழைத்தார்கள் என்று.

ஊர் திரும்பியபின் வகுப்பில் இந்தத் தகட்டைப் பற்றிப் பேசினேன். பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "மேம், இவங்க யாருக்கும் இனிஷியல் இல்லையா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அறுபது பெயர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அப்பாவின் எழுத்து. திருமணமான இருவருக்குக் கணவரின் எழுத்து. அறுபது பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் ஆவணத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு யார் என்பது எங்கேயும் இல்லை.

அன்று பெயர் கூப்பிடும்போது, லார்சாக் தகட்டில் உள்ளபடி சொல்லச் சொன்னேன். முதலில் கூச்சம். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். செல்வியின் மகள் கவிதா. முத்துலட்சுமியின் மகள் பிரியா. ஒருத்தி மட்டும் எழுந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அம்மாவை எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க மேம், நெஜப் பேரு வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். மறுநாள் வந்து சொன்னாள். பதிவேட்டின் ஓரத்தில், பென்சிலால், அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அலுவலகத்தில் யாரும் அதை அழித்துவிடாமல் இருக்க வேண்டும்.